மௌரீன் மிஸ்ஸும் ஓஸ்வால்ட் மாஸ்டர் பாட்டும்

எங்க ஆஸ்டின் டவுன்ல மௌரீன் மிஸ் வந்தா பில் போடற பசங்களே பதுங்குவாங்க. துணிக்கடையில காசு கட்டப் போவா. "மேடம், போன் நம்பர் சொல்லுங்க"ன்னு அவன் கேப்பான். "எதுக்குப்பா? நான் சட்டை வாங்க வந்தேனா, சம்பந்தம் பேச வந்தேனா?"ன்னு இவ ஆரம்பிப்பா. நம்பர் போடலன்னா பில்லே வராது மேடம்னு அவன் கெஞ்சுவான். "வரலன்னா சட்டையை நீயே போட்டுக்கோ"ன்னு காசை பர்ஸுக்குள்ள திணிச்சுக்கிட்டு கிளம்பிடுவா. பின்னாடி க்யூல நின்ன நான்தான் எல்லார்கிட்டயும் அசடு வழிவேன்.

நான் டிரேவர். அவ வீட்டு வரிசையிலயே போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கேன். கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம், எதுன்னாலும் எங்க கோயில்ல வீடியோ நான்தான். சின்ன வயசுலருந்து ரெண்டு பேரும் கோயில் கொயர்ல ஒண்ணா பாடறவங்க, அதனால வா, போ, வாடி, போடாதான்.

அவ வேலை பார்க்கற ஸ்கூல்ல ஒரு ஆப் கொண்டாந்தாங்க. டீச்சருங்க தினம் காலையில போன்ல மூஞ்சியைக் காட்டித்தான் அட்டெண்டன்ஸ் போடணும். மூஞ்சி சரியா விழலன்னா கண்ணைச் சிமிட்டு, சிரின்னு அது அதிகாரம் பண்ணும். மத்த மிஸ்ஸுங்க எல்லாம் கேட்டாண்ட நின்னு போனைப் பார்த்து பல்லைக் காட்டிட்டிருந்தாங்க. இவ பி.டி. மிஸ் இல்லையா, நேரா கிரவுண்டு நடுவுல போய் நின்னு விசில் ஊதினா பாருங்க, ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் பதறிப் போய் ஜன்னல்ல எட்டிப் பார்த்தாங்க. "வந்துட்டேன் சிஸ்டர், எழுதிக்கோங்க!" அன்னையிலருந்து அவளுக்கு மட்டும் பழைய ரிஜிஸ்டர்.

இவ்ளோ வாய் பேசறவ, அவங்க அப்பாகிட்ட மட்டும் பூனைக்குட்டி. ஓஸ்வால்ட் மாஸ்டர்னா எங்களுக்கெல்லாம் கொயர் மாஸ்டர். ஃபேக்டரியில லேத் ஓட்டிட்டு சாயந்திரம் சைக்கிள்ல நேரா கோயிலுக்கு வருவார். கையில கிரீஸ் வாசனையோடயே ஹார்மோனியம் வாசிப்பார். அவர் பொண்டாட்டி செத்த வருஷம் ஒரே ஒரு பாட்டு கட்டினார். "நடந்து களைத்தேன், நாதா, நிழல் தாரும்." முதல் குரல் அதைப் பாடி முடிச்சதும், ரெண்டாம் குரல் அதே "நிழல் தாரும்"னு கீழ ஸ்தாயில பதில் சொல்லணும். எங்க ஏரியாவுல யார் செத்தாலும் பெட்டியை இறக்கறப்ப இந்தப் பாட்டுதான். இது இல்லாம அடக்கம் பண்ணா, செத்தவங்களைச் சாப்பிட வைக்காம அனுப்பின மாதிரி எங்களுக்கு இருக்கும்.

அந்த ரெண்டாம் குரல், மௌரீனோட தங்கச்சி நிக்கோலுக்குன்னே அவர் கட்டினது. ஆனா அந்தப் பொண்ணுக்கு ஒரு வியாதி, என்னைக்கும் அரை தாளம் லேட்டாதான் ஆரம்பிப்பா. மாஸ்டர் ஹார்மோனியத்தை நிறுத்திட்டு, "பஸ் போயிடுச்சுடி, நிக்கி!"ன்னு சொல்லுவார். அப்புறம் எங்க எல்லாரையும் பார்த்து, "மறுபடி, முதல்ல இருந்து." ஒருத்தி லேட்டுன்னா கொயரே திரும்பப் பாடணும், அதான் அவர் சட்டம். நிக்கோல் பொருட்டு நாங்க எத்தனை வாட்டி முதல்லருந்து பாடியிருப்போம்னு கர்த்தருக்குத்தான் தெரியும். அவ அப்புறம் நர்ஸாகி அயர்லாந்து போயிட்டா.

சில வருஷம் முன்னாடி ஒரு மியூசிக் கம்பெனி பக்திப் பாட்டு ஆல்பம் ஒண்ணு போட்டாங்க. அதுல மாஸ்டர் பாட்டும் இருந்துச்சு. இவரை ஒரு வார்த்தை கேக்கல. மௌரீன் குதிச்சா. மாஸ்டரோ, "விடு கண்ணு, பாட்டுதானே, நல்லா சுத்திட்டு வரட்டும்"னு தெருவுக்கே ஜிலேபி குடுத்தார். அப்பாவி மனுஷன்.

வினை அங்கதான் ஆரம்பிச்சுது. எங்க கோயில் கில்பர்ட் அண்ணன் அடக்கத்தை நான் நெட்ல லைவ் போட்டேன். எங்க ஆளுங்கள்ல வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டுல இருக்காங்க, லைவ் இல்லாம இப்பல்லாம் அடக்கமே இல்ல. நாங்க "நடந்து களைத்தேன்" ஆரம்பிச்சோம், பொசுக்குன்னு ஸ்க்ரீன் சாம்பல் கலர் ஆயிடுச்சு. இந்தப் பாட்டோட உரிமை இன்ன கம்பெனிக்குச் சொந்தம், நீங்க திருடிப் போட்டிருக்கீங்கங்கற மாதிரி ஒரு நோட்டீஸ். கில்பர்ட் அண்ணனோட பொண்ணு கனடாவுலருந்து அழுதுட்டே எனக்கு போன் பண்ணுது. அடுத்தது கல்லறைத் திருநாள் அன்னிக்கும் அதே கதை. இன்னொரு வாட்டி நடந்தா உன் சேனலையே தூக்கிடுவோம்னு மெயில் வந்துச்சு. அதுல எங்க கோயில் கல்யாணம், திருவிழா எல்லாம் இருக்கு, என் பொழப்பே அதுதான். இது எங்க பாட்டுங்க, கட்டினவரு உயிரோட இருக்காருன்னு அப்பீல் போட்டேன். டீ ஆறறதுக்குள்ள பதில் வந்துடுச்சு. நல்லா பரிசீலிச்சாங்களாம், கம்பெனி சொல்றதுதான் சரியாம். எந்த மனுஷன்டா அதைப் படிச்சான்?

மௌரீன் சும்மா விடுவாளா? அப்பாவை ஆட்டோவுல ஏத்திக்கிட்டு அந்தக் கம்பெனி ஆபீஸுக்கே கிளம்பிட்டா. நானும் போனேன். கண்ணாடி பில்டிங். வாசல்ல செக்யூரிட்டி, உள்ள இருக்கறவங்க உங்களுக்கு ஓடிபி அனுப்பினாத்தான் விடுவேன்னு கையை நீட்டறான். "ஓடிபி பந்தில்லப்பா, நானே பந்திதீனி!"ன்னா மௌரீன் கன்னடத்துல. ஓடிபி வரல, நானே வந்திருக்கேன்னு. அவன் சிரிச்சுட்டு, வயசானவரைப் பார்த்துட்டு உள்ள விட்டான்.

ரிசப்ஷன்ல ஒரு சின்னப் பொண்ணு. மரியாதையாதான் பேசிச்சு. போர்ட்டல்ல கம்ப்ளெயின்ட் போடுங்க சார்னு சொல்லிச்சு. மாஸ்டர் தடியை ஊனிக்கிட்டு, "இது என் பாட்டும்மா, நீ வேணா கேளு"ன்னு அங்கயே நின்னு பாட ஆரம்பிச்சுட்டார். குரல் கொஞ்சம் உடைஞ்சுதான் இருந்துச்சு, ஆனா சுருதி விலகல. பாட்டைக் கேட்டு பேரைச் சொல்ற ஆப் ஒண்ணு இருக்கு இல்ல, அந்தப் பொண்ணு அதைத் திறந்து போனை அவர் வாய்கிட்ட நீட்டிச்சு. அவர் முடிக்கறதுக்குள்ள ஆல்பம் பேரு வந்துச்சு, கம்பெனி பேரு வந்துச்சு. "பாருங்க சார், எங்க பேருதானே வருது." மாஸ்டரோட பேரு எங்கயும் இல்ல.

மௌரீன் மூஞ்சி செவந்து போச்சு. அந்த போனைப் பிடுங்கி ரோட்ல எறிஞ்சிருப்பா, நான்தான் கையைப் பிடிச்சுக்கிட்டேன். மாஸ்டர் சிரிக்கறார். "அது கண்டுபிடிச்சிடுச்சுன்னா நான் இன்னும் சரியாதான் பாடறேன்னு அர்த்தம், வா போலாம்." ஆட்டோவுல வரும்போது தொடையில அதே பாட்டுக்குத் தாளம் போட்டுக்கிட்டே வந்தார். வீட்டுக்கிட்ட இறங்கறப்ப, "என் அடக்கத்துல இதைப் பாடுவீங்க இல்ல?"ன்னு மௌரீனைக் கேட்டார். அவ சரின்னு தலையை ஆட்டினா.

மழைக்காலம் ஆரம்பிச்சப்ப மாஸ்டர் போயிட்டார். தூக்கத்துலயே, ஒரு தொந்தரவும் இல்லாம. நிக்கோல் விசா புதுப்பிக்கப் போட்டிருந்தா, அது கம்ப்யூட்டர்ல "பரிசீலனையில்"னு மாசக்கணக்கா நிக்குது. இப்ப அயர்லாந்தை விட்டுக் கிளம்பினா திரும்ப உள்ள விட மாட்டாங்க. விசா ஆபீஸுக்கு எப்ப போன் பண்ணாலும் மெஷின்தான் பேசுதாம். போன்ல என்கிட்ட அழுதா. "டிரேவர் அண்ணா, லைவ் போடுங்க. அப்பாவை இறக்கறப்ப அந்தப் பாட்டைக் கேக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

கோயில் கமிட்டி செக்ரட்டரி க்ளென் வந்தான். "மௌரீன், பேஜாரு பண்ணாதே. வேற பாட்டு எத்தனையோ இருக்கு. டிரேவர் பொழப்பையும் பாரு." சத்தியமா சொல்றேன், எனக்கும் அதே நெனப்புதான். பாட்டு வரப்ப சவுண்டை மட்டும் மியூட் பண்ணிடலாம்னு சொல்லிப் பார்த்தேன்.

அவ என்னை ஒரு பார்வை பார்த்தா. "அவர் கட்டின பாட்டு. ஊர்ல செத்தவங்களுக்கெல்லாம் பாடினாரு. அவர் சாவுக்கு மட்டும் ஊமையா நிக்கணுமா? செத்துப் போன எங்க அம்மாவை நெனச்சு அப்பா அழுதது அவனுங்க சொத்தாயிடுச்சா? நீ பயந்தா கேமராவைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போ டிரேவர், நான் தப்பா நெனைக்க மாட்டேன். பாட்டை மாத்த மாட்டேன்." எனக்கு ரோஷம் வந்துடுச்சு. போடி, நான் எங்கயும் போகலன்னு சொல்லிட்டேன்.

பூசை நல்லபடியா முடிஞ்சுது. கல்லறைத் தோட்டத்துல ஊரே நின்னுச்சு. மழை விட்டு மண்ணு சேறாயிருந்துச்சு. பெட்டியைக் குழி மேல கயித்துல வச்சாங்க. ஃபாதர் ஜெபம் முடிச்சு மௌரீனைப் பார்த்தார். அவ ஆரம்பிச்சா. "நடந்து களைத்தேன், நாதா..." என் விரல் மியூட் பட்டனாண்டதான் இருந்துச்சு. எடுத்துட்டேன். வர்றது வரட்டும்னு எடுத்துட்டேன்.

முதல் வரி முடியல. சாம்பல் கலர். அதே நோட்டீஸ். அவர் பெட்டி முன்னாடி, அவர் பொண்ணு பாடற அவர் பாட்டை, அவனுங்க பாட்டுங்கறானுங்க. மௌரீனைப் பார்த்து தலையை ஆட்டினேன். போச்சு.

பட்டுன்னு கையைத் தட்டினா. கிரவுண்டுல பசங்களை நிறுத்தற தட்டு அது. "நிறுத்துங்க!" கொயர் நின்னுச்சு, கயிறு பிடிச்சவங்க கூட அசையல. ஃபாதர் திகைச்சுப் போய் நிக்கறார். "நிக்கோலுக்குக் கேக்கல ஃபாதர். கம்பெனிக்காரன் கட் பண்ணிட்டான். ஒரு நிமிஷம் குடுங்க."

போனை எடுத்தா. நெட்டும் இல்ல, ஆப்பும் இல்ல, சாதா கால். ரிங் போறது எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. "அக்கா, எல்லாம் போயிடுச்சுக்கா, ஒண்ணும் தெரியலக்கா"ன்னு நிக்கோல் கதறுறா. "அழாதடி. இதுல கேளு." ஸ்பீக்கரைப் போட்டு போனைப் பெட்டி மேலயே வச்சா. அப்புறம் எங்க பக்கம் திரும்பினா. கண்ணுல தண்ணி கொட்டுது, குரல்ல ஒரு நடுக்கம் இல்ல.

"உங்க வீட்டு ஆளுங்க யாரெல்லாம் வெளியூர்ல இருக்காங்களோ, இப்ப கூப்பிடுங்க. சும்மா போன் போட்டு கையில தூக்கிப் பிடிங்க. எங்க அப்பா பாட்டு எல்லா ஊருக்கும் போகட்டும். எத்தனை போனைக் கட் பண்றானுங்கன்னு நானும் பாத்துடறேன்!"

முதல்ல கில்பர்ட் அண்ணன் சம்சாரம் ஹேண்ட்பேக்கைத் திறந்து, கனடாவுல இருக்கற பொண்ணுக்குப் போட்டாங்க. அங்க என்ன நேரமோ பாவம். அவ்ளோதான், ஆளாளுக்குப் போனை எடுக்கறாங்க. மஸ்கட்டுக்கு, துபாய்க்கு, இதோ பக்கத்துல சந்தாபுராவுல கால் ஒடிஞ்சு படுத்திருக்கற சித்தப்பாவுக்கு. "ஹலோ, பேசாதே, கேளு, மாஸ்டர் பாட்டு"ன்னு எல்லா பக்கமும் சத்தம். க்ளென் பேன்ட் பாக்கெட்டைத் தடவிக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னான், அப்புறம் அவனும் எடுத்தான். அந்நேரம் என் போன் டொய்ங்னுச்சு. உங்க சேனல் நீக்கப்பட்டதுன்னு மெயில். நாசமாப் போங்கடான்னு அதைத் தள்ளிட்டு, மஸ்கட்ல இருக்கற என் பொண்ணு கேரலுக்குப் போட்டேன்.

மௌரீன் மூச்சை இழுத்தா. "நடந்து களைத்தேன், நாதா, நிழல் தாரும்." ஊரே பாடிச்சு. கொயர்ல இல்லாதவங்களும் பாடினாங்க. தூக்கிப் பிடிச்ச போனுங்க நடுவுல பெட்டி இருந்துச்சு. ரெண்டாம் குரல் இடம் வந்துச்சு. நாங்க யாரும் அதைப் பாடல. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கவே இல்ல, ஆனா யாரும் பாடல. பெட்டி மேல இருந்த போன்லருந்து ஒண்ணும் வரல. லைன் போயிடுச்சோன்னு பெட்டி மேல எட்டிப் பார்த்தேன்.

அப்புறம் வந்துச்சு. கரகரன்னு, அழுத குரல்ல, "நிழல் தாரும்." அவ்ளோ தூரத்து லைன்ல வர்றதுக்கு நேரமாகும் இல்ல, சரியா அரை தாளம் லேட்டு.

மௌரீன் குனிஞ்சு பெட்டி மேல கையை வச்சா. அழறாளா சிரிக்கறாளான்னு தெரியல, தோளு குலுங்குது.

"பஸ் போயிடுச்சுடி, நிக்கி!"

அந்தப் பக்கம் நிக்கோல் "அப்பா"ன்னு கத்திட்டா. இந்தப் பக்கம் நாங்க எல்லாரும் உடைஞ்சு போயிட்டோம். மழை மறுபடி தூற ஆரம்பிச்சுது. கயிறு பிடிச்சவங்க ஃபாதரைப் பார்த்தாங்க, ஃபாதர் மௌரீனைப் பார்த்தார். அவ நிமிர்ந்து, புடவைத் தலைப்பால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, அவங்க அப்பா மாதிரியே எங்க எல்லாரையும் ஒரு சுத்து பார்த்தா.

"மறுபடி," அப்படின்னா. "முதல்ல இருந்து."

இந்த வாட்டி ஃபாதரே முதல் வரியை எடுத்துக் குடுத்தார்.