மூன்றடுக்குத் தட்டோடும் மூடாத கதவும்

மொட்டைமாடியில் பழைய தட்டோட்டைப் பெயர்க்காமல் அதன்மேலேயே புதியதைப் பதிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் காயல்பட்டினம் போய்வந்த கதையைத்தான் சொல்வேன். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு புரட்டாசி மாதம். அப்போது நான் தூத்துக்குடியில் வீடுகளுக்கு வரைபடம் போடும் இஞ்சினியர். கல்லூரித் தோழி சபீனாவின் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாடியைப் பார்த்துச் சொல்லு என்று கூப்பிட்டாள்.

தூரம் முப்பது கிலோமீட்டரை ஒட்டி. திருச்செந்தூர் பஸ்ஸைக் கண்டதும் விசாரிக்காமல் ஏறிவிட்டேன். "காயலுக்குள்ள போவாதுக்கா. ஆறுமுகநேரில எறங்கிக்கிடுங்க" என்றார் கண்டக்டர், சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்த பிறகு! உப்பளங்களையும் ஆற்றுப் பாலத்தையும் தாண்டி ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து ஆட்டோவுக்கு முப்பது ரூபாய். நீங்களாவது கேட்டுவிட்டு ஏறுங்கள்.

வீடுகளுக்கு நடுவே பெண்கள் நடக்கவென்றே உள்ள முடுக்கு வழியாகச் சபீனா கூட்டிப்போனாள். இந்த ஊரில் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் சபீனாவின் வாப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். மகள் கல்யாணம் என்றால் மாடியில் புதிதாக ஒரு அடுக்குத் தட்டோடு. பழையதைத் தொடுவதில்லை. வீடு கட்டும்போது போட்டது ஒன்று, மூத்தவளுக்கு ஒன்று, சபீனாவுக்கு ஒன்று. அதன்பின் அவர் காலமாகிவிட்டார். கடைசித் தங்கைக்கு நான்காவதைப் போடச் சொல்லி சவூதியிலிருந்து அண்ணன் பணம் அனுப்பியிருந்தார்.

மாடிக்கு ஏறி ஒரு தட்டோட்டைப் பெயர்த்தேன். அத்தனை வெயிலிலும் அடியில் சுண்ணாம்பு ஈரமாக இருந்தது. கீழே, மணமக்களுக்கென்று வெள்ளையடித்த அறையில் விட்டம் வளைந்திருந்தது. அறைக் கதவைச் சாத்தினால் பாதியோடு நின்றது.

"உப்புக் காத்துல ஊதிப்போச்சும்மா. ஒவ்வொரு கல்யாணத்துக்குப் பொறவும் ஆசாரிய வச்சு எழைக்கோம்" என்றார் சபீனாவின் உம்மா.

ஊதிய கதவு பக்கவாட்டிலும் இடிக்கும். இதுவோ மேல்பக்கத்தில் மட்டும், அதுவும் நடுவில்தான் தேய்ந்திருந்தது. நிலையை மேலிருந்து பாரம் அழுத்திக்கொண்டிருந்தது.

கட்டட விதி கடினமானதல்ல. இருப்பதன்மேல் இன்னொரு அடுக்கு ஒரே ஒருமுறை போடலாம். அதுவும் அடியில் ஈரமில்லை, விட்டம் வளையவில்லை, பாரம் தாங்கும் என்று பார்த்த பிறகு. இங்கே எல்லாமே மீறியாகிவிட்டது. மொத்தத்தையும் எடுங்கள் என்றேன்.

உம்மாவின் முகம் மாறிவிட்டது. "இவ வாப்பா கூடவே நின்னு பதிச்ச ஓடும்மா. கல்யாண வீட்டுல அதப் பேத்து எறியச் சொல்லுதியே, ஒனக்கு மனசு இருக்கா?"

எனக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. "இந்த ரூம்புலதான உம்மா புள்ளையளப் படுக்க வைக்கப் போறிய?" என்றேன்.

அவர் அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தார். பிறகு, "மழைக்கு முன்னால முடிஞ்சிருமா?" என்று மட்டும் கேட்டார்.

முடிந்தது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் மறுபடி போனேன், காயல் வழி போகும் பஸ்ஸில். விட்டங்கள் புதிது, மேலே ஒரே அடுக்கு.

உங்கள் மாடிக்கும் மேலடுக்கு போடும் யோசனை இருந்தால் ஏணியைத் தேடாதீர்கள். முதலில் கீழே உள்ள கதவுகளைச் சாத்திப் பாருங்கள். பல வருடமாகப் பாரத்தைச் சுமப்பது எது என்று அதில் தெரிந்துவிடும்.

மறுபடி போன அன்று உம்மா அந்தக் கதவைச் சாத்திக் காட்டினார். பாரம் இறங்கி நிலை நிமிர்ந்திருந்ததால் இடிக்காமல் மூடியது. இழைத்து இழைத்துத் தேய்ந்த இடத்தில் இரண்டு விரல் இடைவெளி, அதன் வழியே வெளிச்சம். ஆசாரி ஒரு சட்டம் வைத்து அடைக்கவா என்று கேட்டார்.

"வேண்டாம், கெடக்கட்டும்" என்றார் உம்மா. "இவ வாப்பா ஆசையாத்தான் வச்சாங்க. எவ்வளவு பாரத்த வச்சிட்டாங்கன்னு புள்ளையளுக்குத் தெரியணும்."