அக்கா யாரோடு பேசிக்கொண்டிருந்தாள்

என் அக்கா புருஷனுக்குத் தகரப் பட்டறைதான் உலகம். காலையிலிருந்து சாயங்காலம் வரை சுத்தியலால் டமால் டமால் என்று அடித்தால், காது என்ன இரும்பிலா செய்திருக்கிறது? கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. "சாப்பிட வாங்க" என்றால் "யாரு வந்தாங்க?" என்பார். தினமும் இந்தக் கூத்துதான். பொறுக்க மாட்டாமல் நான்தான் மாமாவைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

காது மெஷினை மாட்டியதும் மின்விசிறிச் சத்தத்துக்கே திடுக்கிட்டார். "போகப் போகப் பழகிடும். மெஷின் எதுலயாவது ஒட்டினா விசில் அடிக்கும், பயப்படாதீங்க" என்றாள் அங்கிருந்த பெண். பழகிவிட்டார். பட்டறைக்கு வருபவர்கள் பேசுவது புரிந்தது, தெருவில் வண்டி வந்தால் ஒதுங்கினார். எனக்கு ஒரே பெருமை.

ஒருநாள் என்னைப் பட்டறைக்குக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"உங்கக்கா சமையலறையில குட்டிகூடப் பேசுறா."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. குட்டி அவர்களுடைய ஒரே மகள். சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். அந்தப் பேச்சையே வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

"நடுவுல நிறுத்தி, பதிலுக்குக் காத்திருக்கா. அப்புறம் சிரிக்கிறா."

புருஷனுக்குத்தான் கேட்காதே என்று, இத்தனை வருஷமும் அவர் முதுகுக்குப் பின்னாலேயே வாய்விட்டுப் பேசியிருக்கிறாள் பாவி!

"நல்லா இருக்கே! நிறுத்தச் சொல்லுங்க மாமா."

"ஐயோ, வேணாம்மா. குட்டி வளந்துட்டா. காலேஜ் போறா. எனக்கு இப்பத்தானே தெரியுது? உங்கக்கா நிறுத்திட்டா, அவளும் போயிடுவா."

தினமும் சீக்கிரமே வீட்டுக்கு வந்து சமையலறைக் கதவோரம் நின்றார். ஒருநாள் ஆசை மிஞ்சிக் காதைக் கதவில் வைத்துவிட்டார். மெஷின் கீச்சென்று விசிலடித்தது. உள்ளே பேச்சு நின்றது.

அதன்பின் அக்கா வாயே திறக்கவில்லை. அவள் கண்ணெதிரே மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்தும் பார்த்தார். அவளா ஏமாறுவாள்?

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள். மாமா மெஷினை மாட்டிக்கொண்டு வந்து, காலி முக்காலியைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"குட்டி, அம்மா ஏன் உம்முனு இருக்கா? என்மேல கோவமா?"

அக்காவின் தோள் குலுங்கியது. திரும்பாமலே சொன்னாள்.

"எனக்கென்ன கோவம்? அவளுக்குத்தான். எத்தனை தடவ அப்பானு கூப்பிட்டாளாம், நீங்க திரும்பவே இல்லையாம்."

மாமா முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மெஷினில் சத்தத்தைக் கூட்டினார்.