கடல் தாண்டிய குளிர்பெட்டி

நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டு அக்காவை எங்கள் தெரு முழுக்க விசிலக்கா என்றுதான் கூப்பிடும். சும்மா உட்கார்ந்தால் அவருக்கு உடம்பு முறுக்கும். அதனால் ஒரு தொண்டு அமைப்பில் சேர்ந்தார். ஒரு நாட்டில் ஒருவர் தானமாகத் தரும், ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களை, வேறொரு நாட்டில் காத்திருக்கும் நோயாளிக்குக் குளிர்பெட்டியில் கையோடு கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை.

“உள்ளூர்ல டிக்கெட் கிழிச்சது பத்தாதாம்மா?” என்று மகள் கிண்டலடித்தாள்.

“காலம் பூரா ஒரே ரூட்டுல போய் வந்தேன்டி. இப்பதான் ரூட்டு மாறியிருக்கு, விடு!”

முதல் இரண்டு பயணங்களும் அலுங்காமல் முடிந்தன. மூன்றாவதுதான் ஆளை ஆட்டி வைத்தது. இரண்டு ஊருக்கும் நடுவே ஒன்பதாயிரம் கிலோமீட்டர். ஒரே மூச்சில் பறந்தால் பதினோரு மணி நேரம். ஆனால் நேர் விமானம் கிடையாது, நடுவில் இறங்கி மாற வேண்டும். காத்திருந்தது ஏழு வயதுப் பெண் குழந்தை. தானமாக வரும் செல்களை ஏற்றுவதற்காக, குழந்தையின் ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையை மருந்து கொடுத்து அழித்தாகிவிட்டது. பெட்டி போய்ச் சேரவில்லை என்றால் பிழைக்க வழியில்லை.

மாற வேண்டிய நிலையத்தில் இறங்கினால், குழந்தை இருந்த ஊருக்குப் போகும் விமானங்கள் அத்தனையும் ரத்து. அங்கே பனிப்புயல்.

“நாளை மறுநாள்தான் திறப்பாங்கம்மா” என்றாள் கவுண்டர் பெண்.

“அதுவரைக்கும் இது தாங்காதும்மா. பக்கத்துல வேற எங்கயாவது இறங்க முடியுமான்னு பாரு. மிச்சத்த ரோட்டுல போய்க்கிறேன்.”

அவள் கணினியைக் குடைந்தாள். நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு நிலையம் திறந்திருந்தது. விமானம் கிளம்பும் நேரம், ஒரு சீட்டுகூட இல்லை.

விசிலக்கா அந்த விமானத்தில் ஏற நின்ற வரிசைப் பக்கம் திரும்பினார். ஓடும் பேருந்தில் கடைசி சீட்டுவரை கேட்ட அதே குரல்: “ஒரு குழந்தையோட உயிரு இந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. யாராச்சும் ஒருத்தர் சீட்டு குடுங்க!”

காத்திருக்கும் இடத்தில் பக்கத்து நாற்காலியில் பெட்டியை வைத்தபோது, பெட்டிக்குத் தனி நாற்காலியா என்று சற்றுமுன் சிடுசிடுத்த ஒரு தாடிக்காரர் முன்னால் வந்தார். “என் சீட்ட எடுத்துக்கங்க. ஓடுங்க, ஓடுங்க!”

அமைப்பு முன்கூட்டியே தகவல் சொல்லியிருந்ததால், இறங்கிய இடத்தில் மருத்துவமனை ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. முன்னால் ஒரு வண்டி பனியைத் தள்ளிக்கொண்டே போக, இது பின்னால் ஊர்ந்தது. ஒரு கடலையே தாண்டி வந்தவருக்கு அந்த நானூறு கிலோமீட்டர்தான் நீண்டுகொண்டே போனது. மடியில் பெட்டி, கண் அதன் வெப்பமானியில். தண்ணீர் குடிக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

விடிந்து வெயில் ஏறியபோது மருத்துவமனை வாசலில் நர்ஸுகள் திரண்டு நின்றிருந்தார்கள். டாக்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

“நேரத்துக்கு வந்திருக்கு! எல்லாம் நல்லா இருக்கு!”

கைதட்டல் அந்த வராந்தாவையே அதிர வைத்தது. விசிலக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து, சிரிப்பும் அழுகையுமாகத் தானும் தட்டினார்.

ஒரு மாதம் கழித்து அமைப்பிலிருந்து போன் வந்தது. குழந்தையின் உடம்பில் புது ரத்தம் ஊறத் தொடங்கிவிட்டது. கிண்டலடித்த மகள்தான் மொட்டைமாடிக்கு ஓடி, தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்:

“எங்கம்மா ஜெயிச்சுட்டாங்க!”