ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த மாத்திரை

என் கடைசி மகள் காலையில் காப்பி குடித்த கையோடு அட்டையிலிருந்து ஒரு சின்ன மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறாள். இப்போதைக்குப் பிள்ளை வேண்டாம் என்றால் அவ்வளவுதான் பாடு. ஒரு நாளும் மறக்காமல் போட்டால் அநேகமாக ஏமாற்றாது என்று டாக்டர் சொன்னாராம். அந்த "அநேகமாக"வைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐம்பதுகளின் கடைசியில் கம்பம்மெட்டு ஏலத்தோட்டத்தில் நான் அந்த ஒரு சொல்லோடுதான் மல்லுக்கட்டினேன்.

இதே மகளைப் பெற்றெடுக்கும்போது நான் செத்துப் பிழைத்தேன். மூன்றாவது பிரசவம். ரத்தம் நிற்கவில்லை. ஏலக்காய் லாரியில் மூட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்து மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறக்கினார்கள். கண் விழித்தபோது லேடி டாக்டர் என் வீட்டுக்காரரை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு பிள்ளைன்னு இங்க வந்தீங்கன்னா, பிள்ளையத் தூக்கிட்டுப் போகலாம். இவளக் கூட்டிட்டுப் போக முடியாது. புரியுதா?"

அவருக்குப் புரிந்தது. வீட்டுக்குப் புறப்படும் அன்று டாக்டரம்மா ஒரு தகர டப்பாவைத் தந்தார். நுரை மாத்திரை. விழுங்குகிற மாத்திரை இல்லை. புருஷனோடு சேருவதற்குச் சற்று முன்னால் தண்ணீரில் தொட்டு உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். நுரைத்துக்கொண்டு வந்து கருத்தரிக்காமல் தடுக்கும். எங்களுக்குக் காட்டுவதற்காக ஒன்றைத் தம்ளர் தண்ணீரில் போட்டார். சோடாவைப் போலப் பொங்கியது.

"இத நம்பலாங்களா?" என்று கேட்டேன்.

"அநேகமா நம்பலாம். ஒண்ணுமே இல்லாததுக்கு இது தேவலை. ஈரம் மட்டும் படக் கூடாது. பட்டா வீணாப் போயிரும்."

ஈரம் படக் கூடாதாம்! அந்த அம்மா ஆடி மாதத்தில் ஒரு முறை கம்பம்மெட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். ஜாடியில் உப்பு கரைந்து தண்ணீராக நிற்கும். தீக்குச்சி பற்றாது. துவைத்துப் போட்ட துணி ஒரு வாரம் ஆனாலும் நாறிக்கொண்டு தொங்கும்.

மழைக்காலத்தில் எங்கள் ஊரில் காய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான், ஏலக்காய் ஸ்டோர். பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி அடுக்கிவிட்டு, வெளியே அடுப்பெரிப்பார்கள். அந்தச் சூடு இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் ஓடிக் காயை உலர்த்தும். என் வீட்டுக்காரர்தான் அதற்குப் பொறுப்பு. அதனால் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் எல்லோரும் அப்பளம், தீப்பெட்டி, கைக்குழந்தைத் துணி, கல்யாணச் சேலை என்று எதுவானாலும் அவரிடம்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். முதலாளி கண்ணில் படாமல் மேல் தட்டில் வைத்து, மொறுமொறுவென்று திருப்பிக் கொடுப்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

மாத்திரை டப்பாவும் அந்த மேல் தட்டுக்கே போனது.

"ஏலக்காயவே பச்ச நெறம் மாறாமக் காய வைக்கிறேன். இதக் காய வைக்க மாட்டனா?" என்றார்.

தேவைப்படும்போது ஒன்றைச் சட்டைப் பையில் போட்டு எடுத்து வருவார். அதில் ஏலக்காய் வாசனை அடிக்கும். பாயசத்தில் போட வேண்டியதை இங்கே கொண்டு வந்துவிட்டீர்கள் என்று நான் கேலி செய்வேன். மாத்திரை வெள்ளை வெளேரென்று கெட்டியாக இருக்கும். அது கெட்டுப்போயிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

ஐப்பசியில் எனக்கு நாள் தள்ளிப் போனது. முதலில் வாயைத் திறக்கவில்லை. பிறகு சோறு இறங்கவில்லை. கைக்குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் இதை யார் வளர்ப்பார்கள் என்ற நினைப்புத்தான். ஒரு மத்தியானம் அவரிடம் சொல்லிவிட்டேன்.

உடனே ஸ்டோருக்குப் போய் டப்பாவோடு திரும்பி வந்தார். தம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு மாத்திரையைப் போட்டார். அது நேரே அடியில் போய்க் கூழாங்கல் மாதிரிக் கிடந்தது. இன்னொன்றைப் போட்டார். அதுவும் அப்படியே கிடந்தது.

"வெந்துபோச்சு புள்ள," என்றார். "ஈரம் படக் கூடாதுன்னு சூட்டுல போட்டு வேக வச்சுட்டேன்."

சாமி புண்ணியம், அடுத்த வாரமே எனக்கு வந்துவிட்டது. நான் அழுதேன். அவரும் அழுதார், மறைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, மதுரையில் வியாபாரிக்குக் காய் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்து வந்தவர் பஸ்ஸை விட்டு இறங்கி ஆடி அசைந்து நடந்து வந்தார். விறகு எடுத்துப் போடச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மதுரையில அப்படி என்னத்தத் தின்னீக? உடம்பு வளைய மாட்டேங்குது!"

"ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்."

"ஐயோ, என்ன நோவு?"

"நோவு ஒண்ணுமில்ல. இனிப் பிள்ள பிறக்காத மாதிரி. மாத்திரைய நம்புனது போதும் புள்ள. இனி என்னைய நம்பு."

அந்த நாளில் எந்த ஆண்பிள்ளை அதைச் செய்துகொண்டான்? செய்துகொண்டாலும் எவன் வெளியே சொல்வான்? பலம் போய்விடும், ஆண்மை போய்விடும் என்று பயந்து செத்தார்கள். விஷயம் எப்படியோ ஸ்டோருக்குப் போய்விட்டது. நான் சோற்றுத் தூக்கோடு வாசலில் நின்றபோது உள்ளே ஒருவன், "காயடிச்ச காளை வருதுடா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரர் தட்டைக் கீழே வைக்கக்கூட இல்லை. "ஆமாப்பா. எனக்கு எம் பொண்டாட்டி உசுரோட வேணும்," என்றார். பிறகு காயைக் கிளறிவிட ஆரம்பித்தார். அந்தச் சோற்றை நான் எவ்வளவு கர்வத்தோடு பரிமாறினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அதோடு முடியவில்லை. ஆபரேஷன் செய்த உடனே பலன் கிடையாது, கொஞ்ச காலம் போக வேண்டும், சோதித்துப் பார்த்த பிறகுதான் நிச்சயம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மனிதர் பாயைச் சுருட்டிக்கொண்டு ஸ்டோருக்கே படுக்கப் போய்விட்டார். எங்களுக்குள் சண்டை என்று லயமே நினைத்துக்கொண்டது. பெண்கள் வந்து எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஒருத்தி மந்திரித்த கயிறுகூடக் கொண்டு வந்தாள். நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

தை பிறந்ததும் மறுபடி மதுரைக்குப் போய்ச் சோதித்துவிட்டு வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ஸ்டோருக்குப் போய், ஊரே பார்க்கப் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஆள் முழுக்க ஏலக்காய் வாசனை.

"இனிப் பயமில்லைனு சொல்லிட்டாக," என்றார்.

"அநேகமாவா?"

"போடி."

அதற்குப் பிறகு எனக்கு ஒரு நாளும் நாள் எண்ணிப் பயப்படும் வேலை இருக்கவில்லை. மூன்று பிள்ளைகளையும் வளர்த்தேன், மூவருக்கும் கல்யாணம் முடித்தேன். நான் உயிரோடு வேண்டும் என்றவர் எனக்கு முன்னால் போய்விட்டார். அவர்மேல் எனக்கு இருக்கும் ஒரே கோபம் அதுதான்.