அண்ணன் கொண்டுவந்த ஃப்ளூ ஊசி

அப்பா அணு ஆராய்ச்சிக் கூடத்தின் குளிர்சாதனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். திருக்கழுக்குன்றத்தில் வீடு கட்டிக் குடியேறினோம். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் செங்கல்பட்டு டாக்டரிடம் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டார். எங்கள் தெருவில் ஊசி போட்டுக்கொண்டவர் அவர் ஒருவர்தான். காய்ச்சலில் படுத்தவரும் அவர் ஒருவர்தான்.

எழுந்ததும் நியாயம் கேட்கப் போனார். நானும் கூடப் போனேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: ஊசி கிருமியை அடையாளம் காட்டும், எதிர்த்து நிற்க வேண்டியது உடம்பு. வயதான உடம்பு அவ்வளவு சுறுசுறுப்பாகக் கிளம்பாது. ஊசி போட்டிருந்ததால்தான் ஆஸ்பத்திரி வரை போகாமல் தப்பித்தீர்கள். வெளிநாட்டில் முதியவர்களுக்கென்றே, உடம்பைத் தட்டியெழுப்ப எண்ணெய் மாதிரி ஒரு துணைப்பொருளைக் கலந்து தருகிறார்கள்.

அப்பாவின் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான். அன்றே இத்தாலியில் இருந்த அண்ணனுக்குப் போன் போட்டார்.

அடுத்த டிசம்பரில் அண்ணன் அந்த ஊசியை ஐஸ் பையில் பொத்திப் பொத்திக் கொண்டுவந்தான். வாசலில் ஷூவைக் கழற்றும்போதே இருமினான். எல்லோருடைய கண்ணும் பையின் மேல் இருந்ததால் இருமலை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஃப்ரிட்ஜில் நடுத்தட்டில் வைத்தால் போதும் என்று சொல்லிவிட்டு அவன் தூங்கப் போனான். குளிர்ச்சியைப் பற்றி அப்பாவுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. ஃப்ரீசரில் வைத்தார்.

மறுநாள் டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"உறைஞ்சுபோச்சே சார். இனி இதப் போட முடியாது."

அப்பா கூட வந்திருந்த அண்ணனை முறைத்தார். பிறகு சட்டைக் கையை மடக்கி, பழைய சாதா ஊசியையே போட்டுக்கொண்டார். அது வேலை செய்ய இரண்டு வாரமாவது ஆகும் என்றார் டாக்டர். அண்ணனின் இருமல் அதுவரை காத்திருக்கவில்லை. அந்த வாரமே அப்பாவும் அண்ணனும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார்கள். இருவருக்கும் கஞ்சி கொடுத்த அம்மா எந்த ஊசியும் போட்டதில்லை. ஒரு தும்மல்கூட வரவில்லை. அப்பாவுக்குக் காய்ச்சலை விட அதுதான் பெரிய வருத்தம்.

ஆனாலும் வருஷா வருஷம் ஊசியை விடவில்லை. சில வருஷம் காய்ச்சல் வந்தது, சில வருஷம் வரவில்லை. வந்தாலும் கஞ்சியோடு போனது.

அதன் பிறகு அண்ணன் வரும்போதெல்லாம் அம்மா மாமல்லபுரத்தில் லாட்ஜ் பிடிக்கச் சொல்லிவிடுவாள்.

"ரெண்டு மூணு நாளு அங்கயே இரு. இருமல் இல்லன்னா வூட்டுக்கு வா."

அண்ணன் கடற்கரையில் வறுத்த மீன் தின்றபடி, தேறிவிட்டேன் என்று போனில் தகவல் சொல்வான். அப்பா போனை வாங்கி, எங்கே, ஒருமுறை மூச்சை நன்றாக இழுத்து விடு, கேட்கிறேன் என்பார்.