மச்சாளின் இடக்காது

என் தம்பியின் வலது காறை எலும்பை உடைத்தது நான்தான். பொலிஸிலும் அப்படித்தான் சொன்னேன்.

அதற்கு முந்திய ஆறேழு மாதமாக நான் பாட்டுக் கேட்பதற்கென்று ஓர் அறையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். டென்மார்க்கில் இருக்கும் அக்கா வீடு மாறியபோது, அத்தான் ஆசையாக வைத்திருந்த அம்பிளிபயரையும் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களையும் கப்பலில் போட்டு எனக்கு அனுப்பியிருந்தார். நான் பரந்தனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்தவள், கல்யாணம் செய்யவில்லை. போர் முடிந்து ஊர் திரும்பியபோது வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீட்டில் தனியாக இருக்கிறேன். தகர வேலிக்கு அந்தப் பக்கம் தம்பியின் வளவு. அங்கே அவனும் மனைவியும் பள்ளிக்கூடம் போகும் மகளும்.

பெட்டிகளை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது அழுகை வந்தது. சீமெந்துச் சுவரும் சீற் கூரையும் உள்ள அறை. கையைத் தட்டினால் சத்தம் சுவருக்குச் சுவர் மோதிக் கொஞ்ச நேரம் கழித்தே அடங்கியது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக் கனத்த ஒலி மூலையில் போய்த் தேங்கி, குடத்துக்குள் கதைப்பதுபோல் உருண்டது. நான் ஒன்றொன்றாகச் செய்தேன். நான்கு மூலையிலும் நெல் மூட்டைகளை அடுக்கினேன். கதிரைக்குப் பின்னால் தும்பு மெத்தையை நிமிர்த்தி வைத்தேன். வெல்டிங் கடையில் ஸ்பீக்கர்களை வைக்க இரும்புக் குழாயில் இரண்டு தாங்கிகள் செய்வித்து, அவை அதிராமல் இருக்க உள்ளே ஆற்றுமணல் நிரப்பினேன்.

பக்கச் சுவரில் எந்த இடத்தில் பாய் கட்டவேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கேட்கிறவர் கதிரையில் இருக்க, இன்னொருவர் சுவரோடு ஒரு கண்ணாடியை நகர்த்திக்கொண்டு போகவேண்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடத்தில்தான் சத்தம் பட்டுத் தெறிக்கிறது. அந்தக் கண்ணாடியைப் பிடித்தது மச்சாள், தம்பியின் மனைவி; அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். பூவரசங்குளத்துப் பெண். அவளுடைய தாத்தா காலத்தில் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலையை விட்டு வந்து குடியேறிய குடும்பம். கல்யாணத்தின்போது அதைச் சொல்லி எங்கள் வீட்டில் முகம் சுளித்தார்கள். நானும் சுளித்தேன். அவள் அதை மறந்திருக்கமாட்டாள், ஆனால் கூப்பிட்டால் வருவாள். பாய்களைக் கட்டி முடித்து அவளைக் கதிரையில் இருத்தி ஒரு பாட்டைப் போட்டேன். பாதியில் அவள் கையை உயர்த்தி, பாடுகிறவா மூச்சு எடுப்பதும் கேட்கிறதே என்றாள். அன்று அவள் முகத்தில் கண்ட சந்தோஷத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

பிறகு வெளிச் சத்தம் இடைஞ்சலாகத் தெரிந்தது. உழவு இயந்திரம், சேவல்கள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தம்பி. அவன் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். வீட்டு முற்றத்தில்தான் பெட்டிகளைச் சோதிப்பான். ஜன்னலை இரண்டு பலகையால் அடைத்து நடுவில் உமியைக் கொட்டினேன். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிக் கதவைச் சுற்றி ஒட்டினேன். அதற்குப் பிறகு அறைக்குள் என் மூச்சு மட்டுந்தான்.

தம்பி குடித்துவிட்டு மச்சாளுக்கு அடிப்பது எனக்குத் தெரியும். வேலியோரம் நின்று “டேய்” என்று நான் கத்தினால் அன்றைக்கு நிறுத்துவான். ஜன்னலை அடைத்தபோது அந்தச் சத்தத்தையும் சேர்த்து அடைக்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வலது பக்க ஸ்பீக்கரை அரை அங்குலம் அரை அங்குலமாக நகர்த்திக்கொண்டிருந்தேன். பாடகியின் குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஆள் நிற்பதுபோல நிற்கவேண்டும். முக்கால் மணித்தியாலம் போயிருக்கும். கடைசியில் குரல் அப்படியே நின்றது. தேநீர் போட்டுக்கொண்டு வந்து ஆறுதலாகக் கேட்போம் என்று கதவைத் திறந்தேன்.

மச்சாள் என் கிணற்றுக்கட்டில் இருந்தாள். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. முன்தலையில் ஒரு கற்றை மயிர் பிடுங்கப்பட்டிருந்தது. இடக்காதிலிருந்து மெல்லிய இரத்தக் கோடு கழுத்துவரை இறங்கியிருந்தது.

“மூண்டு தரம் கூப்பிட்டனான் மச்சாள்,” என்றாள். தன் குரலே தனக்குக் கேட்காதவள்போல உரத்துப் பேசினாள். “வருவீங்கள் எண்டு நினைச்சன்.”

அவள் குறை சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னாள். நான் துவாயை நனைத்து அவள் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே தம்பி படலையைக் காலால் உதைத்துக்கொண்டு வந்தான். கையில் கோடாலி. என் பாட்டுப் பெட்டியால்தான் அவள் கெட்டுப்போனாள், வேலை வெட்டியை விட்டுவிட்டு இங்கேயே கிடக்கிறாள் என்று கத்தியபடி நேரே அறைக்குள் போனான். அவனும் ஒலிக்காரன், எங்கே அடித்தால் பெட்டி சாகும் என்று தெரியும். முதல் வெட்டு வலது பக்க ஸ்பீக்கரின் கூம்பைக் கிழித்து உள்ளே இறங்கியது. இரண்டாவது வெட்டில் பலகை பிளந்தது. தடுக்கப் போன மச்சாளின் தலைமயிரை மற்றக் கையால் சுற்றிப் பிடித்து, அவளைச் சுவரோடு மோதினான். பிறகு கோடாலியை ஓங்கினான். பெட்டியைப் பார்த்தல்ல.

தாங்கி செய்து மிஞ்சிய இரும்புக் குழாய்த் துண்டு, கதவு மூடாமலிருக்க நான் அண்டை கொடுப்பது, வாசலோரம் கிடந்தது. அதை எடுத்து அடித்தேன். தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அந்த அறையில் மிகத் தெளிவாகக் கேட்டது. கோடாலி கீழே விழுந்தது, அவனும் விழுந்தான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. முதுகில் ஒன்று, தொடையில் ஒன்று. அவன் “அக்கா, அக்கா” என்றான். எனக்குக் கேட்டது. இன்னும் ஒன்று அடித்தேன். கோபம் என்று மட்டும் சொன்னால் அது பொய். ஒவ்வொரு அடிக்கும் மனதுக்கு ஒரு சுகம் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயம்.

மச்சாள் பின்னாலிருந்து என்னைக் கட்டிப் பிடித்தாள். “காணும் மச்சாள். செத்துப்போவார். காணும்.”

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஒரே ஓட்டோவில்தான் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தம்பி ஒரு பக்கம், மச்சாள் ஒரு பக்கம், நடுவில் நான். அவன் சாராய மணத்தோடு முனகிக்கொண்டிருந்தான். ஓட்டோக்காரர் பழக்கத்தில் பாட்டைப் போட்டு, பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

மச்சாளின் இடக்காதுச் சவ்வு கிழிந்திருந்தது. முன்பும் கிழிந்து ஆறிய அடையாளம் இருக்கிறதே, இதற்குமுன் காட்டவில்லையா என்று டொக்டர் கேட்டார். மச்சாள் நிலத்தைப் பார்த்தாள். நானும் நிலத்தைப் பார்த்தேன். பொலிஸ் வந்தபோது அவள் கல்யாணம் செய்த பதினொரு வருடத்தையும் வரிசையாகச் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. என் முறை வந்தபோது நான் எத்தனை அடி அடித்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

வழக்கு நடந்தது. அவன் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவாயிற்று. பூநகரியில் ஒரு கூட்டாளி வீட்டுக்குப் போனான். எனக்கு எச்சரிக்கையோடு முடிந்தது. அக்கா தொலைபேசியில், கூடப் பிறந்தவனுக்குக் கை வைத்துவிட்டாயே என்று அழுதார். அழுது முடித்து, அம்பிளிபயர் தப்பியதா என்றும் கேட்டார். பூவரசங்குளத்திலிருந்து மச்சாளின் சகோதரர்கள் தம்பியைத் தேடி இரண்டு மோட்டார் சைக்கிளில் பொல்லுகளோடு வந்தார்கள். மச்சாள் அவர்களுக்குச் சோறு போட்டு அனுப்பினாள்.

“எனக்காக அடிச்சது காணும், இனி வேண்டாம்,” என்றாள் அவர்களிடம்.

அந்த வீட்டில் படுக்க அவளுக்கு மனமில்லை. என் பாட்டு அறையை அவளுக்கும் மகளுக்கும் கொடுத்தேன். ஜன்னல் பலகையை நானே கழற்றினேன். உமி முழுவதும் என் காலில் கொட்டியது. மூட்டை நெல்லை மில்லில் குத்திச் சாப்பிட்டோம். உடைந்த ஸ்பீக்கருக்கு வவுனியாவில் வேறு கூம்பு போட்டுக் கொடுத்தார்கள். மற்றதோடு அது ஒத்துப்போகவில்லை. விறாந்தைப் பக்கக் கூடத்தில் இரண்டையும் வைத்திருக்கிறேன். குரல் நடுவில் நிற்பதில்லை, இடது பக்கம் சரிகிறது. பஸ்ஸும் காகமும் கூடவே கேட்கின்றன. மச்சாளுக்கு இடக்காது முழுதாகத் திரும்பவில்லை. அவளைக் கூப்பிடுவதென்றால் நான் இப்போது வலப்பக்கமாகப் போய்க் கூப்பிடுகிறேன்.

போன மாதம் தம்பி வந்தான். உத்தரவு முடிந்திருந்தது. குடித்திருக்கவில்லை. படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை என்பதை அவன் வியர்வை துடைத்த விதத்தில் கண்டேன். அவள் காது எப்படி என்று என்னிடம் கேட்டான். நான் விறாந்தைக் கதிரையிலிருந்து குசினிப் பக்கம் பார்த்தேன்.

குசினியிலிருந்து மச்சாள் வெளியே வந்தாள்.

“ஒரு பக்கம் கேக்குது,” என்றாள். “நீங்கள் போங்கோ.”

அவன் சைக்கிளைத் திருப்பினான். அவன் வீதி முடக்கில் மறையும்வரை அவள் முற்றத்தில் நின்றாள். நான் கதிரையில் இருந்தபடியே, அன்று குழாயைப் பிடித்த என் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன்.