ஐயாவுக்காகத் திரும்பிய பாதை

யுத்தம் முடிந்த அடுத்த வருடம். மண்முனைத் துறையில் அப்போது பாலம் இல்லை. மட்டக்களப்பு வாவியைக் கடக்க மிதவைதான். அதை நாங்கள் 'பாதை' என்போம். பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைகளுக்கென ஒதுக்கிய இடத்தில் என் பேத்திக்குக் கம்பஸ், அதுதான் பல்கலைக்கழகம், கிடைத்து, முதல் நாள் கூட்டிப் போகிறேன். பாதையில் ஏறிய எல்லோருக்கும், ஒருவரின் ஆட்டுக்குட்டிக்கும்கூட, அதைச் சொல்லிவிட்டேன்! நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவள்தான். ஆட்டை எழுதாமல் விடச் சொல்கிறாள். விடமாட்டேன்.

கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் பின்னால் "கூ!" என்று ஒரு சத்தம். வெள்ளைச் சட்டை போட்ட ஐயா ஒருவர் குடையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். கூப்பிட்டால் பாதை திரும்ப வேண்டும்; அது எங்கள் துறை வழக்கம். திரும்பியது, ஐயா ஏறினார். அவருக்கும் பேத்தியின் கம்பஸ் புதினத்தைச் சொன்னேன்.

"சோதினையில குறைஞ்ச புள்ளிக்கும் எடுக்கிறாங்க. இப்பிடி எடுத்தா கம்பஸ்ட பேர் என்னத்துக்கு ஆகும்?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வீட்டையும் புத்தகத்தையும் சுனாமி கொண்டு போச்சு. வாவிக்கு இங்கால படுவான்கரைக்கு வந்தா ஷெல்லடி. முகாமில இருந்து படிச்ச புள்ளையும் கொழும்புப் புள்ளையும் ஒன்டா?"

"பாவம்தான். பாவத்துக்குப் பட்டம் குடுக்கேலுமா?"

பேத்தி என் சேலையைப் பிடித்தாள். "அம்மம்மா, அங்கயும் இப்பிடித்தான் சொல்லுவாங்க. நான் போகல்ல. இதே பாதையில திரும்புவம்."

நான் அவளுடைய பெட்டியை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

மீன் கூடையோடு இருந்த ஒருத்தி வெற்றிலையைத் துப்பினாள். "ஐயா, உங்களுக்காகப் பாதை திரும்பி வந்திச்சே. அதால பாதைட பேர் கெட்டுப் போச்சா?"

எல்லோரும் சிரித்த சிரிப்பில் பாதையே ஆடியது. ஐயா விடவில்லை. "ஏத்தினது சரி புள்ள. அங்கால பஸ்ஸை நான்தானே ஓடிப் பிடிக்கணும்!"

பேத்தி தலையை நிமிர்த்தினாள். "ஓம் ஐயா. உள்ளுக்குப் போனா சோதினைப் பேப்பர் எல்லாருக்கும் ஒன்டுதான். எழுதிக் காட்டுறன்."

கரை வந்ததும் அவளுடைய பெட்டியின் ஒரு பக்கத்தை ஐயாவே பிடித்தார். மூன்று பேரும் ஓடினோம், பஸ்ஸைப் பிடித்துவிட்டோம்!

அவள் எழுதிக் காட்டினாள். இப்போது அங்கே பாலம் இருக்கிறது. அது யாருக்காகவும் திரும்பத் தேவையில்லை. ஆனாலும் குறைந்த புள்ளிக்காரர் என்று யாராவது பேசும்போதெல்லாம், கரையில் பிந்தி நிற்கும் ஒருவரின் 'கூ' என் காதில் விழுகிறது.